மும்பை வார்டு அரசியலுக்குள் நுழைய விரும்பும் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

மும்பை மாநகராட்சியில் 227 வார்டுகள் உள்ளன. 2026 ஜனவரியில் நடந்த தேர்தலில் அவற்றுள் 114 வார்டுகள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன: பட்டியல் சாதிப் பெண்களுக்கு 8, பழங்குடிப் பெண்களுக்கு 1, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு 31, பொதுப் பிரிவுப் பெண்களுக்கு 74. 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் 543 உறுப்பினர்களில் பெண்கள் 74 பேர்தாம். நாடு முழுவதும் சேர்ந்து அனுப்பிய அந்த எண்ணிக்கையும், ஒரே நகரத்தின் பொதுப் பிரிவுப் பெண்கள் வார்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் எந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது என்பதை அது தெளிவாகவே காட்டுகிறது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 106ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது என்றாலும், அதற்குப் பின் எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. உள்ளாட்சியில் அப்படியொரு காத்திருப்பு இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம் நகர உள்ளாட்சிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு உறுதிசெய்தது. மகாராஷ்டிரம் 2011இல் அதைப் பாதியாக உயர்த்தியது.

எந்த வார்டு பெண்களுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அந்த வார்டில் எந்தப் பெண் என்பதை அது தீர்மானிப்பதில்லை. குலுக்கல் முடிந்த மாலையே முன்னாள் உறுப்பினரின் மனைவி, மகள், அண்ணி என்று பெயர்கள் கட்சி அலுவலகத்தில் எழுதப்படத் தொடங்கிவிடும். அரசியல் குடும்பத்தைச் சேராத ஒரு பெண்ணின் பெயர் அந்தத் தாளில் இடம்பெற வேண்டுமானால், அவரை அந்த வார்டு அதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். எனவே இந்த வழிகாட்டி தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களைவிட, அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பற்றியே அதிகம் பேசுகிறது. தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, அந்தோப்ஹில், செம்பூர் என எந்தப் பகுதியில் நீங்கள் வசித்தாலும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

வாக்காளர் பட்டியலில் தொடங்குங்கள்

மும்பைத் தமிழர்களிடையே, குறிப்பாகத் திருமணமாகி வந்த பெண்களிடையே, வாக்கு இன்னமும் திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலேயே இருப்பது வழக்கம். கோடை விடுமுறையும் கோயில் கொடையும் தேர்தலும் ஒன்றாக வந்தால் ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மாநகராட்சித் தேர்தலில் நிற்பதற்கு இருக்கும் அடிப்படைத் தகுதிகளில், 21 வயது நிறைந்திருப்பதோடு, மும்பை மாநகராட்சி எல்லைக்குள் ஏதேனும் ஒரு வார்டின் வாக்காளராக இருப்பதும் ஒன்று. ஊரில் வாக்கை வைத்துக்கொண்டு இங்கே எதுவும் தொடங்க முடியாது. நிற்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் இது முக்கியம், ஏனெனில் பட்டியலில் இல்லாத ஐந்நூறு பெண்களின் குறையைக் கேட்க எந்த வேட்பாளரும் அந்தச் சந்துக்குள் வருவதில்லை.

புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வேறிடத்திலிருந்து மாற்றவும், பெயரிலோ முகவரியிலோ திருத்தம் செய்யவும் படிவம் 8. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8ஐயே பயன்படுத்துங்கள். அங்கே இருப்பதை மறைத்துப் படிவம் 6 கொடுப்பது பொய் உறுதிமொழியாகும், அதற்குத் தண்டனையும் உண்டு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளைத் தகுதி நாள்களாகக் கொண்டு ஆண்டு முழுவதும் பெயர் சேர்க்கப்படுவதால், தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மாநகராட்சித் தேர்தலுக்குத் தனிப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆகவே அங்கே விடுபட்டவர் இங்கேயும் விடுபட்டவரே.

படிவத்தைத் தமிழ்ப் பெண்கள் நிரப்பும்போது பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். மகாராஷ்டிரத்தின் படிவங்கள் சொந்தப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பகுதிகளை எதிர்பார்க்கின்றன. நமக்கோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்துமே உண்டு. இதனால் ஆதாரில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகவும், குடும்ப அட்டையில் கணவரின் பெயர் குடும்பப் பெயராகவும், பள்ளிச் சான்றிதழில் வெறும் தலைப்பெழுத்தாகவும் நின்று, ஒரே பெண் மூன்று பெண்களாகிவிடுகிறார். இந்த முரண்பாடு அன்றாட வாழ்வில் பெரிய தொல்லையில்லை. ஆனால் வேட்புமனுப் பரிசீலனை நாளில் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது இதில்தான். ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை நான்கிலும் ஒரே வடிவில் பெயர் இருக்குமாறு இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். தேவநாகரி எழுத்தில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதையும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். தமிழின் ழகரமும் றகரமும் அங்கே போனால் என்னவாகும் என்று சொல்வதற்கில்லை.

தாராவியில் மறுசீரமைப்புப் பணிகளாலும், மற்ற இடங்களில் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களாலும் வீடு மாறுகிறவர்கள் வாக்கையும் உடன் மாற்றிக்கொள்ள வேண்டும். தற்காலிகக் குடியிருப்புக்குப் போன குடும்பத்தின் பெயர், பழைய முகவரியில் ஆள் இல்லை என்று நீக்கப்பட வாய்ப்பு உண்டு. உங்கள் சந்தில் அப்படிப் போன பெண்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொருவருக்கும் படிவம் 8 போட்டுக் கொடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய முதல் அரசியல் பணி என்பது என் கருத்து.

தகுதியைத் தடுக்கும் விதிகள்

இவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது; பல ஆண்டு உழைப்புக்குப் பின் தெரிந்துகொண்டால் தாங்குவது கடினம்.

மகாராஷ்டிரத்தில் இரண்டு குழந்தை விதி உண்டு. இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்து, அவர்களுள் இரண்டைத் தாண்டிய குழந்தை 2001 செப்டம்பர் 12க்குப் பின் பிறந்திருந்தால், உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. இதை ஒத்த ஹரியானா விதியை உச்ச நீதிமன்றம் 2003இல் ஏற்றுக்கொண்டது. எத்தனை குழந்தைகள் என்பதில் தன் விருப்பம் கேட்கப்படாத பெண்ணுக்கும் இந்த விதி அதே கண்டிப்போடு பொருந்துகிறது என்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. எனினும் விதி விதிதான், அதைச் சுற்றிப்போக வழி தேடி யாரும் காலத்தை வீணாக்க வேண்டாம். அப்படிப்பட்ட பெண்கள் வேட்பாளராக முடியாதே தவிர, கீழே சொல்லப்படும் மற்ற எல்லாப் பொறுப்புகளுக்கும் வரலாம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழைக் காட்டி மும்பையில் ஒதுக்கீட்டு வார்டில் போட்டியிட முடியாது. மகாராஷ்டிர அதிகாரியிடம் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு அந்தச் சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்க வேண்டும், குடும்பம் பட்டியல் சாதியாயின் 1950 ஆகஸ்ட் 10க்கும், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பாயின் 1967 அக்டோபர் 13க்கும் முன்பிருந்தே இம்மாநிலத்தில் வசித்தது என்பதற்கு ஆவணம் இருக்க வேண்டும். பிறகு சான்றிதழ் சரிபார்ப்புக் குழுவின் ஒப்புதலும் தேவை. 2017இல் வென்ற மும்பை உறுப்பினர்கள் சிலர் இந்தச் சரிபார்ப்பில் தோற்றுப் பதவியை இழந்தார்கள்.

இதில் பெண்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சாதி கணவர் வழியில் வருவதில்லை. தந்தை வழியில்தான் பார்க்கப்படுகிறது. கணவரின் தாத்தா தாராவித் தோல் பட்டறைக்கு வந்த காலத்து ரசீதுகள் கட்டுக் கட்டாக வீட்டில் இருக்கலாம். மனைவி திருநெல்வேலியில் பிறந்து திருமணமாகி வந்தவராக இருந்தால், அந்தக் கட்டு அவருக்கு உதவாது, அவருடைய தந்தை வழிக் குடும்பத்தின் மகாராஷ்டிர ஆவணம்தான் கேட்கப்படும். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெட்டியில் பழைய பள்ளிச் சான்று, வாடகை ரசீது, ஆலைப் பணி அட்டை ஏதேனும் கிடைக்கக்கூடும். தம்பிமார் வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்குள் போய் எடுத்து வையுங்கள். ஆவணம் கிடைக்காதவர்களுக்கும் வழி மூடிவிடவில்லை: பொதுப் பிரிவுப் பெண்கள் வார்டுகளில் எந்தச் சாதியைச் சேர்ந்த பெண்ணும் நிற்கலாம், முற்றிலும் ஒதுக்கீடற்ற வார்டுகளிலும் நிற்கலாம். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டில்தான் பெண் நிற்க வேண்டும் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

இவை தவிர, மாநகராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு, செலுத்தாத வரிப்பாக்கி ஆகியவையும் தகுதியைப் பாதிக்கும். கணவர் மாநகராட்சிக் குத்தகை எடுப்பவராக இருந்தால் வழக்கறிஞரிடம் முன்னதாகவே கேட்டுவிடுவது நன்று.

எந்த வேலை யாருடையது

குறையை எடுத்துக்கொண்டு தவறான அலுவலகத்துக்குப் போவதில்தான் புதியவர்களின் முதல் ஆண்டு கழிகிறது. மும்பையில் வார்டு என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குவதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படும் வார்டுக்கு எண் உண்டு. அதைப் பிரபாக் என்பார்கள். நிர்வாக வார்டுக்கு எழுத்து உண்டு: தாராவியும் தாதரும் மாஹிமும் ஜி-நார்த், சயானும் மாட்டுங்காவும் அந்தோப்ஹில்லும் எஃப்-நார்த், செம்பூர் எம்-வெஸ்ட். எழுத்து வார்டின் தலைவர் உதவி ஆணையர். உங்கள் பிரபாக்கின் எண்ணையும் எழுத்து வார்டு அலுவலகத்தின் இடத்தையும் அறிந்துகொண்ட பிறகே மற்றவை.

குடிநீர், சாக்கடை, குப்பை, பொதுக் கழிப்பறை, மாநகராட்சி மருந்தகம், மாநகராட்சிப் பள்ளி ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. 1916 என்ற எண்ணில் புகார் பதிவு செய்யலாம். குடும்ப அட்டை மாநில அரசின் உணவு வழங்கல் துறையைச் சேர்ந்தது. குடிசை மறுவாழ்வுக் கட்டடம் அதற்கெனத் தனி ஆணையத்தின் கீழ் வருகிறது. வாய்மொழிப் புகார் எதுவும் கணக்கில் ஏறுவதில்லை என்பதால், ஒவ்வொரு புகாரையும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு போடுங்கள். மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொற்களுக்குள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையோடு. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஏன் கழிப்பறை சுத்தமாக இல்லை என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. இன்ன தெருவின் பொதுக் கழிப்பறையைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை என்று கேட்டால் வரும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பத்துப் பெண்களோடு வார்டு அலுவலகத்துக்குப் போகிறவரை அந்த அலுவலகம் நினைவில் வைத்துக்கொள்ளும். கட்சிகளும் வைத்துக்கொள்ளும்.

சட்டமே இடம் வைத்திருக்கும் சிறு குழுக்கள்

கட்சிக்குள் போவதற்கு முன், கூட்டத்தில் பேசவும் தீர்மானம் எழுதவும் கணக்குக் கேட்கவும் பழகிக்கொள்ள இரண்டு இடங்கள் உள்ளன. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துவதால், அங்கே மொழித் தயக்கமின்றித் தொடங்கலாம். பல குழுக்களில் பெண்களின் பெயர் மட்டும் இருக்கும், கையெழுத்து வீட்டுக்கு வந்து வாங்கப்படும். கூட்டம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்பதே அந்த வழக்கத்தை உடைக்கப் போதுமானது. மற்றொன்று வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம்: மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டம் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. மறுவாழ்வுக் கட்டடங்களில் இந்த இடங்கள் பெயரளவில் நிரப்பப்படுவது சகஜம், எனவே கேட்பவருக்குக் கிடைக்கும்.

மகளிர் சுயஉதவிக் குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. பணத்தில் நம்பிக்கைக்குரியவர் என்ற பெயரை வார்டில் வேறு எந்த வழியிலும் அவ்வளவு சீக்கிரம் சம்பாதிக்க முடியாது.

மராத்தி

தெருவில் இந்தி போதும், அலுவலகத்தில் போதாது. மாநகராட்சியின் சுற்றறிக்கையும் கூட்ட நடவடிக்கையும் மராத்தியில்தான் இருக்கின்றன. 1960களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இந்நகரில் எழுந்த கிளர்ச்சியை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் அரசியலே வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு தமிழர் 2014, 2019, 2024 என மூன்று முறை சட்டமன்றத்துக்குத் தேர்வாகியிருக்கிறார். தாராவித் தொகுதி 2004 முதல் தொடர்ந்து பெண்களையே சட்டமன்றத்துக்கு அனுப்பிவருகிறது. தமிழரும் வெல்ல முடியும், பெண்ணும் வெல்ல முடியும் என்பது தெரிந்துவிட்டது. இரண்டுமாக இருக்கும் ஒருவருக்குத் தடை மொழியாக இருக்கக் கூடாது. சரளமாகப் பேசுவதைவிட, ஒரு கடிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுதும் அளவுக்கு வருவதே முதல் இலக்கு. பிள்ளைகளின் பள்ளிப் பாடப்புத்தகமே அதற்குப் போதும்.

கட்சிக்குள் நுழையும்போது

சுயேச்சையாக நின்று வெல்வது மும்பையில் அரிது என்பதால், பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கட்சிக்குப் போகவே வேண்டியிருக்கும். எந்தக் கட்சி என்பது உங்கள் கொள்கையைப் பொறுத்தது. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கட்சியானாலும் உங்களை முதலில் மகளிர் அணிக்கு அனுப்புவார்கள் என்பது மட்டும் உறுதி.

மகளிர் அணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. சங்கராந்தியை ஒட்டி ஜனவரியில் நடக்கும், பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் குங்குமம் கொடுக்கும் ஹல்தி குங்கு நிகழ்ச்சிகளில் ஒரு பிரபாக்கின் பெண்கள் முழுவதையும் ஒரே மாலையில் சந்திக்கலாம். அந்த வாய்ப்பு ஆண் தொண்டர்களுக்கு இல்லை. ஆனால் பரிசுப் பாத்திரம் எடுத்துக் கொடுப்பதும், தலைவர் வரும்போது ஆரத்தி எடுப்பதும், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதுமாக அங்கேயே இருபது ஆண்டு கழித்த பெண்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள், குலுக்கல் முடிந்த மாலையில் அவர்கள் பெயரும் எழுதப்படுவதில்லை. காரணம் எளியது: வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வாக்குக் கணக்கைப் பார்க்கிறார்கள், அந்தக் கணக்கு பூத் பொறுப்பாளர்களின் கையில் இருக்கிறது, பூத் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

ஆகவே மகளிர் அணியில் இருந்துகொண்டே ஒரு பூத்தைக் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் ஒவ்வொரு பூத்துக்கும் முகவரை நியமிக்கலாம். பட்டியல் திருத்தத்தின்போது சரிபார்ப்பது இப்படி நியமிக்கப்படுகிறவர்களின் வேலை. வாக்குப்பதிவு நாளில் உள்ளே உட்காரும் முகவரை வேட்பாளர் நியமிப்பார். சந்திலுள்ள பெண்களின் வாக்குகளை நோட்டில் எழுதி வைத்திருக்கும் உங்களைவிட அதற்குத் தகுதியானவர் யார்? ஒரு பூத்தில் யார் இருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், யார் இறந்துவிட்டார்கள் என்று புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடிய பெண்ணைப் புறக்கணிப்பது கட்சிக்கு நஷ்டம்.

கூட்ட நேரத்தைப் பற்றியும் வாய் திறந்து கேட்க வேண்டும். கட்சிக் கூட்டங்கள் இரவு ஒன்பதுக்கு மேல் தொடங்கி நீளும். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் வீட்டுப் பெண்ணால் அதில் எத்தனை நாள் உட்கார முடியும்? மாலை ஆறுக்கு வைக்கச் சொல்லுங்கள், உங்களோடு இன்னும் நான்கு பெண்களையும் சொல்ல வையுங்கள். வீட்டாரின் ஒத்துழைப்பு தேவைதான். ஆனால் கணவரோ மாமனாரோ உங்கள் சார்பில் கூட்டத்துக்குப் போய்வரும் ஏற்பாட்டை ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் முறை வசதியாக இருக்கும். மூன்றாம் முறை கட்சிக்காரர் அவரையே கைபேசியில் அழைப்பார்.

அவதூறு வரும். படத்தைத் திரித்து வாட்ஸ்அப்பில் பரப்புவது இப்போது எளிதாகிவிட்டது. திரைப்பிடிப்பு எடுத்து, அனுப்பிய எண்ணோடும் நேரத்தோடும் சேமித்து, தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். அரசியலுக்கென்று தனிக் கைபேசி எண் வைத்துக்கொள்வது பல தொல்லைகளை வாசலிலேயே நிறுத்தும்.

வேட்புமனுவும் செலவும்

நேரம் வரும்போது, மனுவை முன்மொழிபவரும் வழிமொழிபவரும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். நீங்கள் மும்பையின் எந்த வார்டின் வாக்காளராகவும் இருக்கலாம். பக்கத்து வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் அங்கே போய் நிற்க முடியும் என்பதால், உங்கள் பழக்கமும் ஒரே எண்ணின் எல்லையோடு நின்றுவிடக் கூடாது. சொத்து, கடன், கல்வி, வழக்குகள் பற்றிய பிரமாணப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டி நிரப்புங்கள். காலியாக விட்ட கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கணவர் பெயரிலுள்ள சொத்தும் கடனும் அதில் வர வேண்டும். தேர்தலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு திறந்து, அன்றன்றைய செலவை அன்றன்றே எழுதி, முடிவு வந்த 30 நாள்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவர்களுக்கும் இது பொருந்தும். தோற்ற வருத்தத்தில் கணக்கைக் கொடுக்காமல் விட்டுத் தகுதி நீக்கத்துக்கு ஆளானால், அடுத்த தேர்தலும் கையைவிட்டுப் போகும்.

வென்றால்

2022 மார்ச்சில் முந்தைய மன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2026 தேர்தல் வரை மும்பையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை. எல்லாம் அதிகாரிகள் கையில் இருந்தது. அதனால் அதிகாரிகளுக்குக் கேள்வி கேட்கப்பட்டுப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். வார்டு குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே வாங்கிப் படியுங்கள், ஒரு கூட்டத்துக்கு ஒரு கேள்வியையாவது எழுத்தில் கொடுங்கள், நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள். உறுப்பினர் நிதியில் எந்த வேலை எடுக்கப்படுகிறது என்பதைக் குத்தகைக்காரர் வீட்டுக்கு வந்து பேசுவார். அவர் உங்கள் கணவரோடு பேசுகிறாரா, உங்களோடு பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள். உங்கள் பெயர் அச்சிட்ட கடிதத்தாளும் முத்திரையும் உங்களிடமே இருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள், பத்து நாள் திருவிழாவாக இருந்தாலும்.